லாரி ஓட்ட வரும் தம்பிக்கு, புதுவயலிலிருந்து

காரைக்குடிப் பக்கத்துப் புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றி வருவதும் அங்கிருந்து அரிசி ஏற்றிப் போவதும்தான் என் பிழைப்பு. ஆறு சக்கர வண்டியில் தொடங்கி இப்போது டாரஸ் என்னும் பெரிய லாரி ஓட்டுகிறேன். கோட்டையூர், கண்டனூர், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்ததும் "அண்ணே, நாலு நடை கூட வரட்டுமா?" என்று கேட்டு வருவார்கள். கியரும் ரிவர்சும் பயிற்சிப் பள்ளியிலேயே ஓரளவு வந்திருக்கும். சாலையில் மற்றவர்களோடு எப்படிப் போக வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கேபினில் பக்கத்தில் உட்காரவைத்து அவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும். நீ அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்பது, நீ செய்வதற்கு முன்பே எதிரில் வருபவனுக்கும் பின்னால் வருபவனுக்கும் ஓரமாக நடந்துபோகும் ஆச்சிக்கும் தெரிந்துவிட வேண்டும். சாலையில் மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான். கையெடுத்துக் கும்பிடுவதை அல்ல.

லைசென்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு எல்.எல்.ஆர். போடுவதற்கு முன்பு கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். முன்பு 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தோம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 5 வருடம். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே வருடம் போய்விட்டது. போனால் போகட்டும், ஆனால் சாலைப் பலகையை வாசிக்கத் தெரியாமல் ஸ்டியரிங்கைத் தொடாதே. 'பாலம் குறுகல்' என்று எழுதியிருப்பதைப் பாலத்தின்மேல் போய்த் தெரிந்துகொள்ள முடியாது.

கிளம்பும் முன்

வண்டியை ஸ்டார்ட் செய்ததும், பிரேக்கை இயக்கும் ஏர் டேங்கில் ஏறும்வரை நில். பஸ்ஸர் சத்தம் நின்றுவிட்டது என்று உடனே கிளம்பிவிடாதே. மீட்டர் முள் முழுதாக மேலே போய், கூடுதல் காற்றைப் 'புஸ்' என்று வெளியே தள்ளும் சத்தம் கேட்ட பிறகு கியரைப் போடு. கியரைப் போடுவதற்கு முன்பு இன்ஜினை ஒரு தடவை அணைத்து, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு, கீழே ஒருவரை விட்டுக் காது கொடுத்துக் கேட்கச் சொல். எங்காவது காற்று கசிந்தால் அந்த அமைதியில்தான் கேட்கும். டேங்கில் சேர்ந்த தண்ணீரையும் வடித்துவிடு.

டயரைத் தட்டிப் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். பின்பக்க இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. நம் பக்கம் சரளை மண். களத்திலும் செங்கல் சூளையிலும் ஏறி இறங்கினால் ஒரு கல்லாவது மாட்டிக்கொள்ளும். வேகம் எடுத்ததும் அந்தக் கல் பின்னால் வரும் டூவீலர்காரன் முகத்துக்குத்தான் போகும். அவனுக்கு என்ன ஆனது என்றுகூட உனக்குத் தெரியாது. லீவரால் நெம்பி எடுத்துவிட்டுக் கிளம்பு.

பின்விளக்கையும் ஒளிரும் பட்டையையும் ஈரத்துணியால் துடை. முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒட்டச் சொல்லியிருப்பது அழகுக்கு இல்லை. செம்மண் புழுதி ஒரே நடையில் அவற்றை மூடிவிடும். தார்ப்பாயின் தொங்கலும் மறைக்கும். பின்னால் வருபவன் வெளிச்சத்தில் உன் வண்டி தெரியாவிட்டால், நீ எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் பிரயோசனம் இல்லை.

பாரம். 25 கிலோ வரையிலான பைகளுக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும், பல ஆலைகளில் 26 கிலோ சிப்பம் கட்ட ஆரம்பித்தார்கள். வரி அவர்கள் பாடு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏற்றுகிறவன் இதில் ஏமாந்துபோவான்: 700 சிப்பம் என்றால் முன்பு 17,500 கிலோ, இப்போது 18,200 கிலோ. பத்துச் சக்கர வண்டிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன் என்பது 2018இல் வந்த வரம்பு. அதற்கு மேல் போனால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைவிட, அந்த எழுநூறு கிலோவும் பிரேக் பிடிக்கும்போது உன்னை முன்னால் தள்ளும். எடை மேடையில் ஏற்றிப் பார்க்காமல் ஊர் எல்லையைத் தாண்டாதே. வைக்கோலும் தைலமரக் கட்டையும் வேறு ரகம்; எடை குறைவாக இருந்தாலும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். துருத்திக்கொண்டிருக்கும் பாரத்துக்கும் தனியாக 20,000 அபராதம் உண்டு. கட்டையின் நுனியில் சிவப்புத் துணி பகலுக்குத்தான் உதவும். இருட்டில் அது கறுப்பு. விளக்கோ ஒளிரும் பட்டையோ கட்டு.

சாலை

நான்கு வழிச் சாலையில் ஓட்டுவது சுலபம். நடுவில் தடுப்பு இருக்கும், எதிரில் யாரும் வர மாட்டார்கள். சரக்கு வண்டிக்கு அங்கே உச்சவரம்பு 80, அதற்கே வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் பூட்டியிருப்பார்கள். மற்ற சாலைகளில் 60. அங்கே உன்னைப் பிடித்துவைக்கக் கருவி கிடையாது, உன் கால்தான்.

நம் பக்கத்து உள்சாலைகளின் குணம் இது: ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெட்டவெளி. நேராக, காலியாக, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமாகக் கிடக்கும். கால் தானாக அழுந்தும். திடீரென ஊருணி, கோயில், நிழற்குடை, நாலு ஆடு என்று ஒரு ஊர் வந்து நிற்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது சாலை இல்லை, வீட்டு வாசல். கருவேலம் வளைவுகளை மூடியிருப்பதால் பத்தடி தள்ளி நிற்கும் மாடுகூடத் தெரியாது. அதனால் ஊர்ப்பலகை கண்ணில் பட்டவுடனேயே காலை எடு, பலகையைத் தாண்டிய பிறகு அல்ல.

கண்மாய்க்கரைமேல் போகும் சாலைகளில் இன்னொன்றைக் கவனி. தாரின் விளிம்பு மண்ணைவிட அரையடி உயர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஓரத்து மண் ஊறிப்போய்க் கிடக்கும். எதிரில் பஸ் வருகிறதே என்று மரியாதைக்காக இடது சக்கரத்தைக் கீழே இறக்கினால், பாரத்தோடு வண்டி அப்படியே கண்மாய்ப் பக்கம் சாயும். இப்படிச் சாய்ந்து கிடந்த நெல் லோடுகளை நான் பார்த்திருக்கிறேன். எதிரில் வருபவருக்கு இடம் கொடுக்க வேண்டும்தான். அதைக் கெட்டியான இடத்தில் கொடு: அகலமான இடம் உன் பக்கம் முன்பே வந்தால் அங்கேயே நின்றுவிடு, விளக்கை டிம் செய், அவர் கடந்து போகட்டும். யார் முதலில் போவது என்று கரைமேல் நின்று பந்தயம் போடாதே.

இடைவெளிக்கு என் கணக்கு: முன்னால் போகும் வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டியதும் நிதானமாக 'ஓம் முருகா' என்று நாலு தடவை சொல். சொல்லி முடிப்பதற்குள் நீ அந்த மரத்துக்கு வந்துவிட்டால் நெருங்கிப் போகிறாய் என்று அர்த்தம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். அதற்கு அப்புறம்தான் பிரேக் வேலையைத் தொடங்கும். மழை என்றால் எட்டு முருகா.

ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிப் பழகினால் பிரேக் பிடிப்பது தானாக வரும். கையால் வார்த்த கல், கனம் அதிகம், ஒரு உலுக்கல் தாங்காது. திடீரென மிதித்தால் இறக்கும் இடத்தில் உடைந்ததை எண்ணி வாடகையில் பிடிப்பார்கள். அந்த லோடு இருக்கும்போது மட்டும் எல்லாரும் அரைக் கிலோமீட்டர் முன்பே காலை எடுத்து, கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கில் வேகத்தைக் கொன்று, கடைசியில் மெதுவாக மிதிக்கிறார்கள். மணல் லோடுக்கும் அப்படியே செய்தால் என்ன? பின்னால் வருபவனுக்கும் நீ நிற்கப் போகிறாய் என்று நேரத்தோடு தெரியும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

விளக்கும் ஹாரனும்

வலது இண்டிகேட்டர் போட்டால் 'நீ முந்திப் போ' என்று சில டிரைவர்கள் வழக்கம் வைத்திருக்கிறார்கள். அதே விளக்குக்கு 'நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன்' என்பதுதான் உண்மையான அர்த்தம். பின்னால் வருபவன் எதை எடுத்துக்கொள்வான்? நீ திரும்பும்போது அவன் முந்துவான். ஆகவே யாருக்கும் 'போ' என்று விளக்கால் சொல்லாதே. அவன் போக வேண்டும் என்று நினைத்தால் இடது ஓரமாக ஒதுங்கி வேகத்தைக் குறை, அது போதும். அவனுக்குக் கண் இருக்கிறது, எதிரில் என்ன வருகிறது என்று அவனே பார்த்துக்கொள்வான்.

நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டு நாற்சந்தியில் நேராகப் போவது இன்னொரு கெட்ட பழக்கம். பக்கத்துத் தெருவில் நிற்பவனுக்கு உன் ஒரு பக்க விளக்குதான் தெரியும். நீ அவன் பக்கம் திரும்புகிறாய் என்று நினைத்து வண்டியை எடுப்பான். அந்த விளக்கு, வண்டி நின்றுபோனால் போடுவதற்கு. நேராகப் போவதற்கு எந்த விளக்கும் வேண்டாம்.

எதிரில் வருபவன் ஹெட்லைட்டை அடித்தால் நம் ஊரில் 'நான் வருகிறேன், நீ நில்' என்று அர்த்தம். வழி விடுகிறான் என்று எடுத்துக்கொள்ளாதே. இரவில் டிம் அடிக்காதவன் வந்தால் பதிலுக்கு நீயும் பிரைட் போட்டுப் பழிவாங்காதே. அவனுக்கும் கண் தெரியாது, உனக்கும் தெரியாது, நடுவில் சைக்கிளில் வருபவன் போய்ச் சேருவான். பார்வையை இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு இறக்கி, வேகத்தைக் குறைத்துக் கடந்துபோ.

ஹாரன் பற்றி ஒன்றே ஒன்று. அது, 'நான் இருக்கிறேன்' என்று சொல்வதற்கு. 'விலகு' என்று சொல்வதற்கு அல்ல. பல சத்தம் போடும் ஏர் ஹாரன் சட்டப்படியே கூடாது. முதலாளி மாட்டித் தந்தாலும் கழற்றச் சொல்.

முந்துவது

இதில்தான் புதுப் பையன்கள் கணக்குத் தெரியாமல் மாட்டுவது. காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன். முன்னால் ஒரு லாரி 50இல் போகிறது. நீ 60இல் முந்துகிறாய். இரண்டு வண்டி நீளமும் முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியும் சேர்த்து 60 மீட்டர் நீ அவனைவிடக் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் வெறும் 10 கிலோமீட்டர். அதற்கு 21, 22 வினாடி ஆகும். அத்தனை வினாடியும் நீ எதிர்ப்பக்கத்தில் இருப்பாய். அதற்குள் நீ 360 மீட்டர் ஓடியிருப்பாய். எதிரில் 80இல் வரும் கார் 480 மீட்டர் வந்திருக்கும். ஆக 840 மீட்டர் சாலை கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தால் தவிர முந்த முடியாது. நம் பக்கத்து இருவழிச் சாலையில் அவ்வளவு தூரம் தெரியும் இடங்கள் எத்தனை என்று நீயே பார்த்துக்கொள். பத்து கிலோமீட்டர் வித்தியாசத்துக்கு முந்தாதே, பின்னாலேயே போ. ஆலை வாசலில் எப்படியும் இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் நிற்கப் போகிறீர்கள்.

உன்னை ஒருவன் முந்தும்போது வேகத்தைக் கூட்டுவது ரொம்பக் கேவலமான காரியம். எதிரில் வண்டி வந்து அவன் மாட்டிக்கொண்டான் என்றால், தப்பு அவன் பேரில் இருந்தாலும் பிரேக்கைப் பிடித்து அவனுக்கு முன்னால் இடம் கொடு. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

நின்றிருக்கும் டவுன் பஸ்ஸைக் கடக்கும்போது, அதன் மூக்குக்கு முன்னாலிருந்து ஒருவர் குறுக்கே வருவார் என்றே வைத்துக்கொள். பெரும்பாலும் கையில் பையோடு ஒரு அம்மா வருவார். காலை பிரேக்மேல் வைத்தபடி, ஊர்ந்துதான் கடக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்தால் பதறிப்போய் நடுச்சாலையில் நிறுத்திவிடாதே. இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கு. ஒதுங்க இடமில்லாத குறுகல் சாலை என்றால், அகலமான இடம் வரும்வரை சீராக ஓட்டிப் போய் அங்கே விடு. வழிவிடாமல் மறித்தால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

ஆடு, நெல், காவடி, மாடு

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் கிடை போடுவதற்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுகளை ஓட்டிப்போவார்கள். நூற்றுக்கணக்கான ஆடுகள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். ஹாரன் அடித்தால் மந்தை கலைந்து பாதி உன் சக்கரத்துக்குள் வரும். வண்டியை நிறுத்து. கீதாரி உன்னைப் பார்த்துவிட்டால் தொரட்டிக்கம்பை நீட்டி ஒரு பக்கமாக ஒதுக்கிக் கொடுப்பார். அவர் கை காட்டிய பிறகு முதல் கியரில் ஊர்ந்து போ. ஒரு ஆடு மறுபக்கம் தனியாகப் போயிருந்தால் அது மந்தையோடு சேரக் குறுக்கே ஓடிவரும், அதற்கும் சேர்த்துப் பொறு.

அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லும் உளுந்தும் காயும். அது தவறுதான், எனக்கும் கோபம் வரும். ஆனாலும் அந்த நெல்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பதை நினைவில் வை. கடப்பதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் போகும்போது பிரேக்கைத் தொடாமல் நேராகப் போ. நெல்லைச் சுற்றி அடையாளத்துக்கு வைக்கும் கல் இரவிலும் அங்கேயே கிடக்கும். வைக்கோலைப் பரப்பியிருந்தால், கடந்த பிறகு ஓரமாக நிறுத்திக் கீழே குனிந்து பார். வண்டிக்கு அடியில் சுழலும் கம்பத்தில் சுற்றிக்கொண்ட வைக்கோல் சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். நீயே வைக்கோல் லோடு ஏற்றியிருந்தால், தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிதான் உனக்கு எமன்.

தை மாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு முன்பே நகரத்தார் பாதயாத்திரை குன்றக்குடியிலிருந்து கிளம்பித் திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் போகும். அவர்களோடு மற்ற ஊர்க்காரர்களும் சாரை சாரையாக நடப்பார்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் நடை அதிகம். உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலில் கொப்புளத்தோடு, பாதித் தூக்கத்தில் நடந்துபோகிறவர்கள் அவர்கள். நீ வருவது அவர்களுக்குத் தெரியும் என்று நினைக்காதே.

வெளிச்சத்தை டிம்மில் வை. வேகம் 30ஐத் தாண்டக் கூடாது. பெரிய வண்டி கடக்கும்போது அதன் காற்று முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். தோளில் காவடி வைத்திருப்பவரை அந்தக் காற்றே தடுமாற வைத்துவிடும். அதனால் ஒரு முழு வண்டி அகலம் விலகித்தான் கடக்க வேண்டும். எதிரில் வண்டி வருகிறது, விலக முடியவில்லை என்றால், அவர்கள் பின்னாலேயே நடை வேகத்தில் போ. ஹாரனைத் தொடாதே, அடித்தால் பாதிப் பேர் இடதும் பாதிப் பேர் வலதும் ஒதுங்குவார்கள். மாட்டுவண்டிகளும் கூட்டத்தில் வரும், மாடு மிரளும். மண் சாலை ஓரத்தில் ஏறிப் புழுதி கிளப்பிவிட்டுப் போகாதே. திண்டுக்கல் லோடு என்றால் அந்த நாட்களில் நான் நத்தம் சாலையையே தொடுவதில்லை. திருப்பத்தூரிலிருந்து மேலூர் போய் மதுரை வழியாகச் சுற்றிக்கொள்வேன். டீசல் கூடுதலாகும் என்பதை வாடகை பேசும்போதே சொல்லிவிடு.

பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு. அது திருப்பத்தூர் – காரைக்குடி சாலையிலேயே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் வேறு ஊர்களிலும் நடக்கும். வாடிவாசலில் விடுவது தவிர வயல்வெளியிலும் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள், அவை சாலை என்றெல்லாம் பார்க்காது. அன்றைக்கு அந்தப் பக்கம் லோடு எடுக்காதே. மாட்டிக்கொண்டால் ஓரங்கட்டி நிறுத்து. எதிரில் காளை வந்தால் ஹாரனும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், இன்ஜினையும் உறுமவிடாதே. அது தானாகப் போய்விடும். பின்னாலேயே குட்டியானையிலும் பைக்கிலும் துரத்திக்கொண்டு வரும் இளவட்டங்கள்தான் அதைவிட ஆபத்து.

ஊருக்குள்

காரைக்குடிக்குள் பள்ளி, கல்லூரி விடும் நேரத்தில் நுழையாமல் இருக்க முடிந்தால் நுழையாதே. நுழைந்துவிட்டால், சிக்னலில் நிற்கும்போது உன் கேபினுக்கு நேர் முன்னாலும் இடது கதவுக்குக் கீழேயும் ஒரு ஸ்கூட்டர் நின்றால் உன் கண்ணாடி எதிலும் தெரியாது. பச்சை விழுந்ததும் கிளட்சை விடாதே. ஒரு முறை எழுந்து எட்டிப் பார். இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வாங்கும். அந்த இடைவெளியைப் பார்த்து வழி இருக்கிறது என்று நுழைபவன்தான் அடிபடுகிறான். திரும்பும் முன் கடைசியாகப் பார்க்க வேண்டியது இடது கண்ணாடி.

கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் சுற்றுலா வண்டிகள் ஒரு வீட்டைப் பார்த்ததும் நடுத்தெருவில் நிற்கும். கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் நடந்து வருவார்கள். அவர்கள் நம் விருந்தாளிகள், பொறுத்துப் போ. பிள்ளையார்பட்டி விலக்கில் வெளியூர் பஸ்கள் எந்த நேரத்திலும் திரும்பும்.

செட்டிநாட்டுத் தெருக்கள் நேராக இருக்கும், முனைகள் மட்டும் இறுக்கம். கோட்டை மாதிரி வீடுகளின் மதில் முனை வரை வந்து நிற்கும், மறுபக்கத்தில் என்ன வருகிறது என்று தெரியாது. ஊர் நுழைவாயில் வளைவையும் திருவிழாவுக்குக் குறுக்கே கட்டிய சீரியல் விளக்கையும் இறங்கி நின்று உயரம் பார்த்த பிறகு நுழை.

ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனரோ லோடுமேனோ பின்னால் நிற்காமல் எடுக்காதே. அவன் வலது கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். தெரியாமல் போனால் அந்த நொடியே நிறுத்து, அவன் எங்கே போனான் என்று யோசிப்பதெல்லாம் நிறுத்திய பிறகு. வாயால் கத்துவதைவிட விசில் நல்லது. பஸ் கண்டக்டர் கணக்குதான்: ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் வா. இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. அப்படியானால் தெருவில் நிற்கும் பெரியவர் ஒருவரிடம் "ஐயா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேள். யாரும் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. உச்சிவேளையில் திண்ணையில் சாய்ந்திருக்கும் ஆச்சிகள் முன்னால் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்காதே.

தூக்கம், பழுது, விபத்து

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961இல் வந்தது, 2025 நவம்பர் வரை இருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அஞ்சு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று அதில் எழுதியிருந்தது. எத்தனை முதலாளிகள் அதைப் படித்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை டீ உன்னைக் காப்பாற்றாது, முகம் கழுவினாலும் பத்து நிமிடம்தான். கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று நினைவுக்கு வரவில்லை என்றால் நீ ஏற்கெனவே தூங்கிவிட்டாய். பெட்ரோல் பங்க் ஒன்றில் காவலரிடம் கேட்டுவிட்டு உள்ளே நிறுத்தி, அரை மணி நேரம் படு. சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்திப் படுக்காதே.

வண்டி நின்றுபோனால் நாலு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது அறுபது அடி எடுத்துவைத்து நடந்துபோய் வை. வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வை. பலகை இல்லை என்று கல்லையும் மரக்கிளையையும் வைக்கிறவர்கள், டயர் மாற்றியதும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ராத்திரி அந்தக் கல்லில் பைக் ஏறும். வைத்தவன் எடுத்துவிட்டுப் போக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அடித்து உதவி கேட்கலாம்.

அடிபட்டவரைப் பார்த்தால், உன்னால் நடந்ததாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் 108. நீ வெறும் உதவிக்கு வந்தவன் என்றால் உன் பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, சட்டம் உன் பக்கம் இருக்கிறது. பணம் யார் கட்டுவது என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும். உன் வண்டியால் நடந்தது, கூட்டம் கைவைக்கும் என்று பயமாக இருக்கிறது என்றால், ஊரைப் பார்த்து ஓடாதே. நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்.

காலி வண்டி

லோடு இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பாரத்தோடு பிரேக் பிடித்துப் பழகிய கால், காலி வண்டியிலும் அதே அழுத்து அழுத்தும். பின்சக்கரத்தின்மேல் எடை இல்லை, பிடித்ததும் பூட்டிக்கொண்டு வழுக்கும். மழை பெய்த தார்ச்சாலையில் பின்பகுதி பக்கவாட்டில் ஆடி எதிர்ப்பக்கத்தை அடைத்துவிடும். இறக்கிய பிறகு முதல் கிலோமீட்டரில், பின்னால் யாரும் இல்லாத இடத்தில், இரண்டு மூன்று தடவை லேசாகப் பிரேக் பிடித்துப் பார்த்துக் காலுக்குப் புது அளவைச் சொல்லிக் கொடு. தார்ப்பாயை மடித்துக் கட்டு, காற்றில் எழும்பிப் பின்னால் வருபவன் கண்ணாடியை மறைக்கக் கூடாது. கயிற்றைச் சுருட்டிக் கேபினுக்குள் போடு. தரையில் இழுபடும் கயிற்று நுனி பைக் சக்கரத்தில் சுற்றினால் ஓட்டுபவன் விழுந்துவிடுவான். தொட்டியில் சிதறிய நெல்லையும் தவிட்டையும் ஆலை வாசலிலேயே கூட்டித் தள்ளிவிட்டுக் கிளம்பு. ஓட்டத்தில் அது பறந்து பின்னால் வருபவன் கண்ணில்தான் விழும்.